காரம் இல்லாத சித்திரை

அப்பா சமைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நம் வயதில் எத்தனை பேர் இருப்போம்? அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று மட்டும் ரவை உப்புமா கிண்டிய அப்பாக்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காலையில் சட்னி, மதியம் குழம்பு, ராத்திரி ரசம் என்று ஒரு வருடம் முழுக்கச் சமைத்த அப்பாக்களைக் கேட்கிறேன். சமீபத்தில் நம் பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் சிலர் கூடுவாஞ்சேரியில் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். முட்டிவலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகளின் அமெரிக்கா எல்லாம் பேசி முடித்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது இதைக் கேட்டேன். என் கை மட்டும்தான் மேலே இருந்தது. "அதை எழுதேன்" என்றார்கள். எழுதுகிறேன். உங்களில் சிலருக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். எதிர் பிளாக் பால்கனியிலிருந்து பார்த்துச் சிரித்தவர்கள்தானே நீங்கள்.

அம்மா பட்டப்படிப்பை முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். டீச்சராக வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. நான் ஐந்தாம் வகுப்பிலும் தம்பி ஒன்றாம் வகுப்பிலும் இருந்தபோது, திருச்சியில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடப் படிப்பு. ஹாஸ்டலில் தங்க வேண்டும். செய்தி வந்த அன்று அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். போக முடியாது என்றுதான் அழுதிருக்கிறாள்.

"போ" என்றார் அப்பா.

"பசங்களுக்குச் சோறு?"

"நான் ஆக்கறேன்."

"உங்களுக்கு இன்னா ஆக்கத் தெரியும்? சுடுதண்ணி வெக்கத் தெரியும்."

"அதுலதான எல்லாமே ஆரம்பிக்குது" என்றார் அப்பா.

நம் எல்லோருடைய அப்பாக்களும் வேலை பார்த்த அந்த மின்நிலைய பிளாண்ட்டில்தான் அப்பா டெக்னீஷியன். நல்ல உயரம். குவார்ட்டர்ஸ் வாலிபால் டீமில் வலைக்கு முன்னால் நின்று அடிப்பவர். அவருடைய உள்ளங்கையில் ஒரு முழுத் தேங்காய் மூடி காணாமல் போய்விடும். அந்தக் கையில் கடுகு தாளிக்கிற சின்னக் கரண்டியைப் பார்த்தால் பொம்மைச் சாமான் மாதிரி இருக்கும்.

அம்மா போகக்கூடாது என்று சொன்னவர் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். மதுராந்தகத்தில் நெல் வியாபாரம், ஏரிப் பாய்ச்சலில் நிலம், எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. விஷயம் தெரிந்ததும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இன்னா மாப்ள இது? கட்டிக்குடுத்த பொண்ணு, ரெண்டு புள்ளைங்கள வூட்ல வுட்டுட்டு ஆஸ்டல்ல போய் குந்திகினு படிக்கறதா? நாலு பேரு இன்னா பேசுவான்?"

"அந்த நாலு பேரையும் ஒரு நாளு சாப்பிடக் கூட்டிகினு வாங்க மச்சான். நானே ஆக்கிப் போடறேன்" என்றார் அப்பா.

மாமா காபியைத் தொடாமல் எழுந்து போனார். அதன் பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

முதல் சில வாரங்களைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதுதான் அப்பாவுக்கு மரியாதை. சோறு ஒரு நாள் கஞ்சியாக இருக்கும், ஒரு நாள் அரிசியாகவே இருக்கும். சாம்பாரில் பருப்பு அடியில் படுத்துக்கொள்ளும், மேலே மஞ்சள் தண்ணீர் தனியாக நிற்கும். அப்பா முதலில் தன் தட்டில் போட்டுக்கொண்டு முகம் மாறாமல் நாலு வாய் சாப்பிடுவார். பிறகு எங்களைப் பார்த்து, "எப்படி கீது?" என்பார். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா எப்பப்பா வரும்?" என்று கேட்டான். அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் அவர் அதே தப்பை மறுநாள் செய்யமாட்டார். பருப்பு வேகவில்லை என்றால் கரண்டியைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிக் கீழ்வீட்டு அத்தையின் வாசலில் நிற்பார். அத்தை திருநெல்வேலிக்காரர். எங்களுக்கு உறவில்லை, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் எங்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, பருப்பு கொதிக்கையிலயே உப்பைப் போட்டுட்டியளா? பொறவு எப்படி வேகும்?" என்பார். அப்பா தலையாட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார். அத்தை சொல்வதையெல்லாம் அப்பா அப்படியே கேட்டார் என்றும் இல்லை. எதற்கெடுத்தாலும் தேங்காய் அரைத்து ஊற்றச் சொல்வார் அவர். அப்பாவுக்கு அது பிடிக்காது. "சொல்றது அவங்க. நாக்கு நம்முளுது" என்பார்.

அவருடைய முதல் வெற்றி வேர்க்கடலைச் சட்னி. செய்யூர்ப் பக்கம் அப்பாவின் ஊர். அங்கே அதற்கு மல்லாட்டை என்று பேர். ஊரிலிருந்து ஒரு சாக்கு மல்லாட்டை வந்தது. எங்கள் வீட்டில் மிக்ஸி கிடையாது. பின்பக்க பால்கனியில் அம்மி கிடந்தது. அப்பா கடலையை இரும்புச் சட்டியில் வறுத்தார். வறுபடும் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கித் தெருவரைக்கும் போனது. பிறகு முறத்தில் கொட்டி, உள்ளங்கையால் தேய்த்து, பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டி ஊதினார். சிவப்புத் தோல் பூச்சிகள் மாதிரிப் பறந்து, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த அத்தை வீட்டு வெள்ளை வேட்டிகள் மேலெல்லாம் உட்கார்ந்தது.

"அண்ணாச்சீ! நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று கீழிருந்து சத்தம் வந்தது.

அப்பா லுங்கியை மடித்துக் கட்டி அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தார். காய்ந்த மிளகாய், ஒரு பல் பூண்டு, நெல்லிக்காய் அளவு புளி, கல் உப்பு. மிளகாயை முதலில் நுணுக்கினார், பிறகு கடலையைப் போட்டு ஒன்றும் பாதியுமாக இழுத்தார். எதிர் பிளாக்கில் ஒரு பால்கனியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அடுத்த பால்கனியில் மூன்று பேர். ஒரு ஆண்பிள்ளை அம்மி அரைப்பதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பா நிமிர்ந்து, சட்னி ஒட்டிய கையைத் தூக்கி அவர்களுக்கு ஒரு டாட்டா காட்டினார். பிறகு குனிந்து மறுபடி அரைக்க ஆரம்பித்தார்.

அந்தச் சட்னியை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. நாக்கில் முதலில் கடலையின் இனிப்பு வரும், அப்புறம் புளி, கடைசியாகக் காதோரம் சூடாகிற மாதிரி மிளகாய். இடையிடையே அரைபடாத கடலைத் துணுக்கு பல்லில் மாட்டும். தோசை கருகியிருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி தட்டை வழித்து நக்கினான்.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. பீர்க்கங்காய் வாங்கினால் காய் கூட்டுக்குப் போகும், தோல் துவையலுக்கு வரும். புளிச்சக்கீரையை வதக்கி வெங்காயத்தோடு கடைந்து வைப்பார். மழைக்காலத்தில் காய்கறி வரத்து நின்றபோது, நெத்திலிக் கருவாட்டைக் கத்தரிக்காயோடு போட்டு ஒரு குழம்பு வைத்தார். ஜன்னலை மூடிவிட்டுத்தான் கொதிக்க விட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கூடையைச் சுமந்து மீன்காரம்மா வருவார். அங்கே பழைய கோட்டைப் பக்கம் அவர் வீடு. முதல் தடவை அப்பா கதவைத் திறந்தபோது கூடையை இறக்கவே இல்லை.

"அம்மா இல்ல சார்?"

"படிக்கப் போயிருக்கா."

"யாரு, புள்ளையா?"

"இல்ல, என் வூட்டுக்காரி."

மீன்காரம்மா ஒரு நிமிஷம் அப்பாவையே பார்த்தார். "அப்ப மீனு ஆயறது யாரு? நீயா? இன்னா சார் சொல்ற நீ!" என்று சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கூடையைத் திறந்தார். "சங்கரா எட்த்துக்கோ. புள்ளைங்களுக்கு முள்ளு தொந்தரவு இல்ல. இன்னிக்கி நான் ஆஞ்சி குட்த்துட்டுப் போறேன். அடுத்த வாட்டி நீ ஆயணும், நான் குந்திகினு பாக்கணும்." அடுத்த முறை சொன்னபடியே வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அப்பாவின் கை வழுக்கி மீன் படிக்கட்டில் துள்ளி விழுந்தபோது அவர் சிரித்ததைக் கேட்டு மூன்று வீட்டுக் கதவு திறந்தது.

இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எதுவுமில்லை. அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். நம் வயதுப் பெண்களுக்குத் தெரியும், அம்மா இல்லாத வீட்டில் பத்து வயதுப் பெண் என்ன ஆவாள் என்று. கீழ்வீட்டு அத்தைகூட, நல்ல மனசோடுதான், "மூத்த பிள்ள இருக்காள்லா அண்ணாச்சி, சோறு வடிக்கப் பழக்கி விடுங்க" என்றார். அப்பா, "அவளுக்கு ஸ்கூல் கீது, சாயங்காலம் வெளையாட்டு கீது. மூணாவதா இது எதுக்கு?" என்றார். அந்த வருடம் நான் ஒரு பாத்திரம் கழுவியதில்லை. தட்டை எடுத்து வைப்பேன், கறிவேப்பிலை உருவித் தருவேன், தம்பியும் தருவான். இன்றைக்கும் என் ரசம் சுமாராகத்தான் இருக்கும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு அம்மா வந்தாள். அப்பா வைத்த சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. திரும்பிப் போகும்போது அப்பா போட்டிருந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு பாட்டிலை மட்டும் தன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் தபால் ஆபீஸில் டிரங்க் கால் போட்டபோது, "ஆஸ்டல் பொண்ணுங்க உங்க ஊறுகாய்க்கு அடிச்சிக்கறாங்க, காலி" என்றாளாம். அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளில் விசில் அடித்துக்கொண்டே வந்தார்.

பங்குனிக் கடைசியில் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது.

முதலில் சாப்பாடு வேண்டாம் என்றான். அப்பா தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு வாந்தி எடுத்தான். ஒரு காலையில் பால்கனி வெளிச்சத்தில் அவன் கண்ணைப் பார்த்த அப்பா, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர், "தண்ணியால வர்றது. பயப்பட வேண்டாம். ஓய்வு, சுத்தமான தண்ணி. எண்ணெய், காரம், பொரிச்சது எதுவும் கூடாது" என்றார்.

தண்ணீர் என்ற சொல் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சமையலறைப் பானையைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொதிக்காமல் எங்கள் தொண்டையில் இறங்கவில்லை. குவார்ட்டர்ஸில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "ஆம்பள சமையல். எத்தனை நாள் தாங்கும்?" அப்பாவும் அதையே நம்பினார் என்பதுதான் எனக்கு இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோதுதான் தெரிந்தது, தம்பியோடு மகாபலிபுரம் சுற்றுலா போய் வழியில் ஐஸ் போட்ட கரும்புச் சாறு குடித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதே மஞ்சள் காமாலை வந்திருந்தது. அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் அம்மாதான் சமைத்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் போல தபால் ஆபீஸ் கூண்டுக்குள் நானும் அப்பாவும் நின்றோம். "எல்லாம் நல்லாருக்கோம், நீ படி" என்றார் அப்பா. பிறகு ரிசீவரை என்னிடம் தந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. "தம்பி எங்கடி?" என்றாள் அம்மா. "தூங்குறான்" என்றேன். அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். திரும்பி வரும்போது அப்பா விசில் அடிக்கவில்லை.

ஆறு வயதுப் பிள்ளைக்கு எண்ணெயும் மிளகாயும் இல்லாமல் சமைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தருவார், அதை மூக்கைப் பிடித்துக் குடித்துவிடுவான். ஆனால் சோறு இறங்காது. கஞ்சியைத் துப்பினான். கேரட்டை வேகவைத்து மசித்த சட்னியைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கொத்தமல்லித் தழையும் இஞ்சியும் எலுமிச்சம் பழமும் சேர்த்துத் தாளிக்காமல் ஒரு துவையல் செய்தார் அப்பா. வாசனை எனக்குப் பிடித்திருந்தது. அவன் ஒரு விரல் நக்கிவிட்டு, "காரமா எதனா குடுப்பா" என்று அழுதான். கன்னம் ஒட்டிப்போய்க் காது மட்டும் பெரிசாகத் தெரிந்தது.

அப்பா புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் போனார். மாங்காய் வர ஆரம்பித்திருந்தது. டாக்டரிடம் போய் மாங்காயும் வெல்லமும் தரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். கொஞ்சம் தரலாம் என்றாராம். ஒரு மாங்காயை அடுப்பு நெருப்பில் நேராக வைத்துச் சுட்டார். தோல் கருகி வெடித்து, சாறு சொட்டி, நெருப்பு சீறியது. வீடெல்லாம் ஒரு புளிப்பும் புகையும் கலந்த வாசனை. ஆறியதும் தோலை உரித்து, சதையைப் பிசைந்து, வெல்லப்பாகு ஊற்றி, உப்பு ஒரு சிட்டிகை, சுக்கு ஒரு சிட்டிகை. அவ்வளவுதான். அதைக் குழைந்த சோற்றில் கலந்து ஊதி ஊதி வாயில் வைத்தார். தம்பி சப்புக்கொட்டினான். "இன்னும்" என்றான். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொஞ்ச நேரம் வெறும் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

யாரோ மதுராந்தகம் பஸ்ஸில் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கத்தினார்.

"புள்ளைய இன்னா பண்ணி வெச்சிருக்க மாப்ள! அவளுக்குச் சொன்னியா?"

"இல்ல மச்சான். பரீட்ச நடக்குது. முடியட்டும்."

"பரீட்சயா? நாளைக்கே போன் போடறேன். மூட்டையைக் கட்டிகினு வரட்டும். ரெண்டு புள்ளைங்களையும் நான் இட்டுகினு போறேன். எங்க வூட்ல பொம்பளைங்க கீறாங்க, பாத்துப்பாங்க." என்னைக் காட்டினார். "இவ்ளோ பெரிய பொட்டப்புள்ள வூட்ல கீது. அது கையில கரண்டியக் குட்த்திருந்தாகூட இப்பிடி ஆயிருக்காது."

அதுவரை தலைகுனிந்து நின்ற அப்பா நிமிர்ந்தார். "இவங்க அம்மா மேல படிக்க முடியலன்னு பத்து வருசம் ஏங்கினா மச்சான். இவ கைல இப்பவே கரண்டியக் குடுக்க மாட்டேன். என்னத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

மாமா நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தம்பிக்காக அப்பா போட்டிருந்த லீவு முடிந்திருந்தது. மறுநாள் காலை ஷிஃப்ட். "மத்தியானம் வந்துடறேன். அதுவரைக்கும் புள்ளைங்களப் பாத்துக்கங்க. வந்தப்புறமும் இட்டுகினு போகணும்னு தோணுச்சின்னா, இட்டுகினு போங்க. தடுக்க மாட்டேன்" என்றார். விடிவதற்குள் எல்லாவற்றையும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் பிளாண்ட் பஸ் பிடித்தார்.

நான் அப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை. மாமா தன் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி" என்று மட்டும் சொல்வார், சொம்பு வரும். தம்பி எழுந்து "தண்ணி" என்றபோது மாமாவும் பழக்கத்தில் உள்ளே திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. எழுந்து போனார். எந்தப் பாத்திரத்தில் வெந்நீர், எதில் மோர் என்று மூடியெல்லாம் திறந்து பார்த்தார். கண்டுபிடித்துக் கொண்டுவந்து தந்தார். பிறகு தம்பி வாந்தி எடுத்தான், அந்த வெள்ளைச் சட்டை மேலேயே. மாமா அவனைத் திட்டவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவன் வாயைத் துடைத்து, பனியனோடு உட்கார்ந்து சோறு பிசைந்தார்.

"ஊதிக் குடு மாமா. அப்பா ஊதித்தான் குடுப்பாரு."

மாமா ஊதினார்.

"மாங்கா இன்னும் கொஞ்சம்."

மாமா போட்டார். தன் விரலில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். "இதுல இன்னா போட்டான் உங்கப்பன்?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பா மத்தியானம் ஓடிவந்து கதவைத் தள்ளியபோது மாமா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். "சத்தம் போடாத" என்று கையைக் காட்டினார் மாமா. அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து, அதே குழைந்த சோற்றையும் அதே காரமில்லாத மாங்காயையும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது புள்ளைக்கில்ல? நீ இன்னாத்துக்கு இதத் துன்ற?"

"நாம காரமாத் துன்னா அவன் பாத்துகினே இருப்பான் மச்சான். அதான் வூட்ல யாருமே காரம் சேக்கறதில்ல." என்னைப் பார்த்தார். "பாப்பாகூட."

மாமா என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தார். பிறகு தம்பி எழுந்துவிடாமல் ஒரு கையை மட்டும் மெல்ல நீட்டினார். "எனக்கும் ஒரு தட்டுல போடு."

அன்று சாயங்காலம் அவர் ஊருக்குப் போனார், தனியாக. மறுநாளே மாற்றுத் துணியோடும் தன் தோப்பு மாங்காய் ஒரு மூட்டையோடும் திரும்பி வந்தார். "உன் ஷிஃப்ட் நேரத்துல நான் பாத்துக்கறேன் மாப்ள" என்றார். அப்படியே தங்கிவிட்டார். அம்மாவுக்குப் போன் போடும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. தம்பி முகம் தெளிந்து, குரல் ஏறி, என்னோடு சண்டை போட ஆரம்பித்தான்.

அம்மா பிறகு எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றாள். கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் காலைச் சமையல் அப்பாவுடையதுதான். வேலையில் இருந்தவரை, சட்னி அரைத்து வைத்துவிட்டுத்தான் பிளாண்ட் பஸ் பிடிப்பார். அப்பா போன வருடம் காலமானபோது, துக்கம் கேட்க வந்த எதிர் பிளாக் ஆட்கள் பாதிப் பேர் வேர்க்கடலைச் சட்னியைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் நான் அவரை நினைக்கும்போது கண் முன்னால் வருவது சட்னி இல்லை. அம்மா பரீட்சை முடித்துத் திரும்பிய அந்தப் பகல்தான்.

சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டாள். திருச்சியிலிருந்து செங்கல்பட்டில் இறங்கி, பஸ் மாறி, பெட்டியோடு படியேறி வந்து நின்றாள். சமையலறைத் தரையில் பழைய வேட்டியை விரித்து, அதன் மேல் மாங்காய்கள். ஊறுகாய் போட முடிவு செய்திருந்தார்கள். மாமா அரிவாள்மனையில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா கடுகையும் வெந்தயத்தையும் வறுத்துக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய் எவ்வளவு ஊற்றுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

தன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பக்கூடாது என்று சொன்ன அண்ணன் அரிவாள்மனையில் இருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தம்பி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவனுடைய கழுத்தெலும்பைத் தொட்டாள். கீழிமையை இழுத்துப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் லேசாக மஞ்சள் இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

அப்பா அடுப்பை அணைத்தார். "உனக்குப் பரீட்ச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. இப்ப சரியாயிடுச்சி. டாக்டரு…"

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா வந்துடுவியே. படிப்பு வீணாப் போயிடுமேன்னு…"

"நான் அப்பவே சொல்லணும்னேன்" என்றார் மாமா.

"நீ சும்மா இரு அண்ணா. நீ சொல்லியிருந்தா, வா, இனிமே போவாதன்னு சொல்லியிருப்ப."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"வந்திருப்பேன். ஒரு நாளு புள்ளைய மடியில போட்டுகினு இருந்திருப்பேன். அப்புறம் உங்ககிட்ட வுட்டுட்டுத் திரும்பிப் போய்ப் பரீட்ச எழுதியிருப்பேன். உங்கள நம்பித்தான போனேன்? புள்ள நோவுன்னா இவ எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவான்னு எங்கண்ணன் நெனைக்கலாம். நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்களா?"

குவார்ட்டர்ஸில் யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்லும் அப்பா, கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். சட்டியின் சூட்டிலேயே வெந்தயம் கருகுகிற வாசனை வந்தது. அவர் அதை இறக்கவில்லை.

"தப்புதான்" என்றார்.

அம்மா அசையவில்லை.

"உன்ன நான் சரியா நெனைக்கல. தப்பு பண்ணிட்டேன்."

மாமா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். ஒரு ஆள் தன் மனைவியிடம், அதுவும் மச்சான் முன்னால், அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். நானும் அதுவரை கேட்டதில்லை. அம்மா பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கருகிய வெந்தயத்தை எடுத்துக் கொட்டினாள். தம்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மாமா அடுத்த மாங்காயை எடுத்தார்.